பச்சை நிறத்தை நம்பிய விரல்கள்

துவாரகாவில் எங்கள் சொஸைட்டியின் இரண்டாம் மாடியில் ஒரு பாட்டு மாமி இருக்கிறார். தில்லித் தமிழ்க் குழந்தைகளில் இரண்டு தலைமுறைக்குச் சரளி வரிசை சொல்லிக்கொடுத்தவர். அவருடைய கூடத்துக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில், என் மின்பியானோ நிற்கிறது. ஒரு மாலை லிஃப்டில் பார்த்தபோது, "தினம் அந்த ஒரே உருப்படியைத்தானே வாசிக்கறே?" என்று கேட்டார். பாஹ் எழுதிய இன்வென்ஷன்களில் முதலாவது என்றேன். பியானோ கற்பிக்கும் ஆப்பில் தொண்ணூற்றாறு மார்க் வந்துவிட்டது என்றும் சொன்னேன். மாமி சற்று யோசித்தார்.

"மார்க் சரியாத்தான் போட்டிருக்கும். ஆனா நீ பாத்துண்டு வாசிக்கறே. கேட்டுண்டு வாசிக்கலை."

லிஃப்ட் நின்றது, இறங்கிப் போய்விட்டார். அந்த வார்த்தை மட்டும் என்னோடு மூன்றாம் மாடிக்கு வந்தது. கூரை வழியாகக் கசிகிற ஒலியை மட்டும் வைத்து, என் கண் எங்கே இருந்தது என்று ஒருவரால் எப்படிச் சொல்ல முடிகிறது? அதற்கு விடை தேடப் போனதில் கிடைத்தவைதான் இந்த அத்தியாயம்.

தில்லியில் மரப் பியானோ வைத்துக் காப்பாற்றுவது பெரும்பாடு. அதன் உள்ளே இருநூற்றுக்கு மேற்பட்ட கம்பிகள் டன் கணக்கான இழுவிசையில் நிற்கின்றன. அந்த அதிர்வை வாங்கிக் காற்றுக்குக் கொடுப்பது மெல்லிய மர ஒலிப்பலகை. மே மாதத்து லூ என்ற அனல்காற்றில் அந்த மரம் காய்ந்து சுருங்கும், சுருதி இறங்கும். ஜூலையில் மழை வந்தால் ஈரம் குடித்துப் புடைக்கும், கம்பி இறுகிச் சுருதி ஏறும். சுருதி சேர்ப்பவரை வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கூப்பிட வேண்டும். இதோடு இருநூறு கிலோவை மூன்று மாடி ஏற்றவும் வேண்டும். ஆகவே என்னைப் போன்றவர்களுக்கு மின்பியானோதான். ஆசிரியர் விஷயமும் கிட்டத்தட்ட அப்படித்தான். முதல் இரண்டு கிரேடு வரை சொல்லித்தர அக்கம்பக்கத்தில் ஆள் கிடைத்துவிடும். அதற்கு மேல் என்றால் சாணக்யபுரியின் டெல்லி ஸ்கூல் ஆஃப் மியூசிக் மாதிரி ஓர் இடத்துக்கு நகரைக் கடந்து போக வேண்டும். 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோவின் நீலத் தடம் துவாரகாவுக்கு வந்து, நகரத்தின் நடுப்பகுதியை எங்களுக்குப் பக்கமாக்கியது உண்மைதான். ஆனாலும் அலுவலகம் முடிந்து வீடு திரும்பியவர் மறுபடி ஒருமுறை ரயிலேறுவது வாரத்துக்கு ஒரு நாளுக்கு மேல் நடக்காது. மீதி ஆறு நாளும் ஆசிரியர் இடத்தில் ஒரு திரை உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் திரைக்கு நான் வாசிப்பது எப்படித் தெரிகிறது? இதை முதலில் பார்த்துவிடலாம்.

1700ஆம் ஆண்டையொட்டி ஃபுளோரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தொஃபோரி பியானோவைக் கண்டுபிடித்தபோது செய்த புதுமை, விரலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பிரிவை வைத்ததுதான். கட்டையை அழுத்தினால் அது ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் இறங்கும். அந்த இறக்கம் ஒரு சுத்தியலை மேலே வீசும். கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்பே சுத்தியல் கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடும். கடைசித் துளித் தூரத்தை அது தனியாகவே பறந்து கடக்கிறது. அதற்குப் பிறகு விரல் என்ன செய்தாலும் அந்த அடி மாறாது. ஆகவே ஒரு தனிச் சுரத்தைப் பொறுத்தவரை வாசிப்பவரின் கையில் இருப்பது ஏறக்குறைய ஒன்றே ஒன்று, சுத்தியல் கிளம்பும் வேகம். பியானோவில் நாம் கேட்கும் கனிவும் கோபமும் ஏக்கமும் அந்த ஒற்றை வேகத்தையும், எப்போது தொட்டு எப்போது விடுகிறோம் என்பதையும், பெடலையும் வைத்துக் கட்டியவை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மின்பியானோ அந்த வேகத்தை அளக்கும் வழி எளிமையானது. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில், வெவ்வேறு ஆழத்தில், குறைந்தது இரண்டு உணர்விகள் இருக்கும். கட்டை முதலாவதைக் கடந்து இரண்டாவதைத் தொட எடுக்கும் நேரத்தைக் கருவி கணக்கிடுகிறது. நேரம் குறைந்தால் ஒலி பலமாகும். அந்த அளவு 1 முதல் 127 வரையான ஓர் எண்ணாக மாறும். எந்தக் கட்டை, எவ்வளவு வேகம் என்ற இந்தச் சேதியை அனுப்பும் பொதுமொழிதான் மிடி. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் இக்குதாரோ காக்கேஹாஷியும் முன்னின்று, போட்டி நிறுவனங்களை ஒரே மேசையில் உட்காரவைத்து உருவாக்கியது. 1983 ஜனவரியில் இரு வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள். நொடிக்கு 31,250 பிட் வேகம். ஒரு சுரத்தின் சேதி போய்ச்சேர ஏறக்குறைய ஒரு மில்லிநொடி. நடுஸ்தாயி சி என்றால் எண் 60, அவ்வளவுதான். இதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

கம்பி இணைக்காமல் டேப்லெட்டின் மைக்கை நம்பினால் கதை வேறு. முதல் சில மாதங்கள் நான் அப்படித்தான் செய்தேன். ஹெட்ஃபோன் போட முடியாது, ஆகவேதான் மாமிக்கும் எல்லாம் கேட்டது. மைக்குக்கு வருவது ஒரே ஓர் ஒலியலை. அதற்குள் பத்து விரல், ஃபேன் சத்தம், சமையலறைக் குக்கர் விசில், தலைக்கு மேல் தாழப் பறந்து இறங்கும் விமானம் எல்லாம் கலந்திருக்கும். மென்பொருள் அந்த அலையைப் பல அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கிறது. நடுஸ்தாயி சி நொடிக்குச் சுமார் 262 முறை அதிர்கிறது. ஆனால் எந்தக் கம்பியும் ஒற்றை அதிர்வெண்ணில் மட்டும் அதிர்வதில்லை. 523, 785, 1047 என்று மேற்சுரங்களும் உடன் எழும். அதில் 523 என்பது மேல்ஸ்தாயி சி-யின் அடிப்படை அதிர்வெண்ணேதான். இரண்டையும் சேர்த்து வாசித்தால் ஒன்றின் ஒலிக்குள் மற்றது ஒளிந்துகொள்கிறது. அடிக்கட்டைகளில் இன்னொரு சங்கடம். பியானோவின் கடைசி இரண்டு கட்டைகளின் அதிர்வெண் 27.5, 29.1. வித்தியாசம் 1.6 மட்டும். இவ்வளவு நெருங்கியவற்றைப் பிரித்தறிய அரை நொடிக்கு மேல் காத்துக் கேட்டாக வேண்டும் என்பது அலைகளின் இயல்பு. அதற்குள் பாட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். மேற்சுரங்களை வைத்து ஊகித்தும், அடுத்து எந்தச் சுரம் வரவேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்தும்தான் மென்பொருள் சமாளிக்கிறது. இடைநிலைக்கு வந்தவர்களுக்கு என் முதல் யோசனை, நூறு ரூபாய் சொச்சத்துக்குக் கிடைக்கும் ஒரு யு.எஸ்.பி. கேபிளை வாங்கி இணைத்துவிடுங்கள் என்பதுதான். ஹெட்ஃபோனும் கம்பி உள்ளதாகவே இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி நூறு மில்லிநொடிக்கு மேல் பிந்தி வருவது சாதாரணம். ஸ்டீவன் ஃபின்னி 1997இல் வெளியிட்ட ஆய்வில், மின்பியானோவின் ஒலியை முற்றாக நிறுத்தியபோது வாசித்தவர்கள் அதிகம் தடுமாறவில்லை. ஒலி தாமதமாக வந்தபோதுதான் விரல்கள் குழம்பின.

சரி, கேபிள் வந்துவிட்டது. திரைக்கு இப்போது எல்லாம் தெரியும். எந்தக் கட்டை, எந்தக் கணம், எவ்வளவு வேகம், பெடல் எப்போது இறங்கியது என்பது வரை தெரியும். ஆனால் என் மென்பொருள் மார்க் போட்டது முதல் இரண்டுக்கு மட்டும். சரியான கட்டை சரியான நேரத்தில் விழுந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. தொடக்கநிலைக்கு இது போதும். இடைநிலை என்பது இது போதாமல் போகும் இடத்தில்தான் தொடங்குகிறது.

பாஹ் தம் பதினைந்து இன்வென்ஷன்களை 1723இல் படியெடுத்தபோது, அவை எதற்கு என்று முகப்பிலேயே எழுதிவைத்தார். இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிக்கப் பழகுவது அதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, பாடுவது போன்ற ஒரு வாசிப்பை அடைவது மற்றொன்று. இந்த உருப்படிகளில் இடக்கை வலக்கைக்குத் துணைவாத்தியம் வாசிப்பதில்லை. முதல் இன்வென்ஷனில் வலக்கை ஒரு சிறு வாக்கியத்தைச் சொல்கிறது. அரை பார் கழித்து இடக்கை அதையே ஒரு ஸ்தாயி கீழே திருப்பிச் சொல்கிறது. ஏழாவது பாரில் முறை மாறி இடக்கை முந்துகிறது, வலக்கை பின்தொடர்கிறது. இருவர் பேசிக்கொள்வது கேட்பவருக்குப் புரிய வேண்டுமென்றால், பேசுகிற கை சற்று முன்னே வரவேண்டும், மற்றது சற்று ஒதுங்க வேண்டும். நானோ இரண்டு கைகளையும் ஒரே கனத்தில் இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டுமே பச்சை. கீழே மாமிக்குக் கேட்டது, இரண்டு பேர் ஒரே சமயத்தில் கத்துவது.

என் கண் எங்கே இருந்தது என்பதை அவர் கண்டுபிடித்த வழி எனக்கு விளங்கத் தொடங்கியது அப்போதுதான்.

கேட்பதும் விரலசைவும் மூளையில் எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்பதற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் மார்க் பாங்கெர்ட், எக்கார்ட் ஆல்டன்ம்யூலர் இருவரும் செய்து 2003இல் வெளியிட்ட சோதனை மிக அழகானது. பியானோவையே தொடாதவர்களை அழைத்து, கணினியோடு இணைத்த பியானோவின் முன் உட்காரவைத்தார்கள். திரையில் சுரக்குறிப்பு கிடையாது, நிறம் கிடையாது, எது சரி என்று சொல்லும் குரலும் கிடையாது. கணினி ஒரு சிறு மெட்டை ஒலிக்கும், இவர்கள் அதைக் கேட்டுத் திருப்பி வாசிக்க வேண்டும். இருபது நிமிஷப் பயிற்சி முடிந்ததுமே மூளையின் மின்னலைகளில் மாற்றம் தொடங்கியிருந்தது. ஐந்து வாரத்தில் அது வலுத்தது. சும்மா கேட்கும்போது விரல்களை இயக்கும் பகுதியும் சேர்ந்து விழித்தது. ஒலி வராத கட்டைகளில் விரலை ஓட்டியபோது கேட்கும் பகுதி விழித்தது. இன்னொரு குழுவுக்கு மட்டும் கட்டைகளின் சுரங்களை அடிக்கடி இடம் மாற்றிவைத்தார்கள். அவர்களும் அதே அளவு கேட்டார்கள், அதே அளவு விரலசைத்தார்கள். ஆனால் இந்த விரலுக்கு இந்த ஒலி என்ற நிலையான உறவு அமையவில்லை. முதல் குழுவினரிடம் தென்பட்ட அந்தப் பிணைப்பு இவர்களிடம் உருவாகவில்லை.

கவனியுங்கள், அதுவும் ஒரு கற்பிக்கும் மென்பொருள்தான். காதால் கற்பித்த மென்பொருள். 'நான் பாடறேன், நீ திருப்பிப் பாடு' என்று மாமி குழந்தைகளை உட்காரவைத்துச் செய்ததையே அந்தக் கணினி செய்தது. என் திரையோ மேலிருந்து வண்ணப் பட்டைகளை விழவைத்து, விழும் இடத்தில் விரலை வைக்கச் சொன்னது. வரப்போகும் ஒலியைக் காது முன்கூட்டியே எதிர்பார்க்க வேண்டிய தேவையே அங்கே இல்லை.

ஆனாலும் கோளாறு முழுவதும் பட்டைகளில் இல்லை. பச்சை, சிவப்பு என்ற தீர்ப்பு எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உடல் திறன்களைக் கற்பவருக்கு உடனுக்குடன், ஒவ்வொரு முயற்சிக்கும் தீர்ப்பு சொல்வதே நல்லது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் பழைய ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கூர்ந்து படித்து, அந்த நம்பிக்கையை அசைத்தார்கள். தீர்ப்பு இருக்கும்போது நன்றாகச் செய்வதும், தீர்ப்பு இல்லாதபோதும் செய்ய முடிவதும் வெவ்வேறு என்றார்கள். 1990இல் கேரலீ வின்ஸ்டைனும் ரிச்சர்ட் ஷ்மிட்டும் அதைச் சோதித்தார்கள். ஒரு நெம்புகோலைக் குறிப்பிட்ட வடிவில், குறிப்பிட்ட நேரத்தில் அசைக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு முறையும் முடிவைச் சொன்னார்கள், இன்னொரு குழுவுக்குப் பாதி முறை மட்டும். பயிற்சியின்போது இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மறுநாள் எதுவும் சொல்லாமல் செய்யச் சொன்னபோது, குறைவாகச் சொல்லப்பட்டவர்கள்தான் மேலாகச் செய்தார்கள்.

காரணத்தை அறியப் பெரிய கற்பனை தேவையில்லை. வெளியிலிருந்து தீர்ப்பு வந்துகொண்டே இருந்தால், உள்ளிருந்து வரும் செய்தியை மூளை படிக்கப் பழகுவதில்லை. என் விரல் பலமாக விழுந்ததா, இடக்கை பிந்தியதா என்பதைக் காதும் தசையும் அக்கணமே சொல்கின்றன. ஆனால் கண் அதற்குள் பச்சையைப் பார்த்துவிட்டது, அதோடு விசாரணை முடிந்துவிட்டது. புதிதாகக் கற்பவருக்கு அந்தப் பச்சை பெரிய துணை, ஏனென்றால் எது சரியான ஒலி என்பதே அவருக்குத் தெரியாது. இடைநிலைக்காரருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்காமல் இருக்க அந்த நிறம் அவருக்கு வசதி செய்துகொடுக்கிறது.

இதைவிட மோசமானது, சரியான கட்டை விழும்வரை பாட்டை நிறுத்திவைத்துக் காத்திருக்கும் வசதி. குழந்தைகளுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாளம் யாருக்காகவும் காத்திருக்காது. லண்டனின் ஏ.பி.ஆர்.எஸ்.எம். இசைத்தேர்வு வாரியம் 2020இல் தொடங்கிய நிகழ்த்துதல் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். துவாரகாவில் நம் வீட்டுக் கூடத்தில் இருந்தபடியே படம்பிடித்து அனுப்பலாம். நான்கு உருப்படிகள், நடுவில் வெட்டாமல், ஒரே பதிவு. ஒவ்வொரு சறுக்கலிலும் நின்று காத்திருந்து பழகிய கைக்கு, சறுக்கிய பிறகும் தாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவது எப்படி என்றே தெரியாது.

நான் மாற்றிக்கொண்டவற்றைச் சொல்கிறேன். காத்திருக்கும் வசதியை முதல் நாளே அணைத்தேன். அடுத்து, மார்க்கைப் பார்க்கும் முன் என் மார்க்கை நானே ஒரு காகிதத்தில் எழுதத் தொடங்கினேன். எந்த பாரில் பிசகு, எந்தக் கை, முந்தியதா பிந்தியதா என்றெல்லாம் எழுதிவிட்டுத்தான் திரையைத் திறப்பேன். இதற்கும் ஆதாரம் உண்டு. குவாடக்னோலியும் கோலும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், தம் பிழையைத் தாமே மதிப்பிட்டுவிட்டு அப்புறம் முடிவைக் கேட்டவர்களுக்கு, ஒவ்வொரு முறையும் முடிவைச் சொன்னது கெடுதல் செய்யவில்லை. நன்மையே செய்தது. ஆகவே திரையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. அது இரண்டாவதாகப் பேசினால் போதும். முதல் வாரம் என் காகிதத்துக்கும் திரைக்கும் ஒட்டே இல்லை. நான் எழுதாத இடத்தில் பிசகு இருந்தது, எழுதிய இடத்தில் இல்லை. மூன்றாவது வாரத்தில் இரண்டும் நெருங்கின. அதற்கப்புறம் திரைக்குத் தெரியாத பிழைகளை நான் எழுத ஆரம்பித்தேன். 'நான்காவது பார், இடக்கை கனம்' என்று எழுதிவிட்டுத் திரையைத் திறந்தால் அங்கே முழுப் பச்சை. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் எந்த மார்க்கிலும் வந்ததில்லை.

பிழையோடு என்ன செய்கிறோம் என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். 2009இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டியூக்கும் உடன் ஆய்வாளர்களும் பதினேழு தேர்ந்த பியானோ மாணவர்களுக்கு ஷோஸ்டகோவிச் கான்செர்டோவின் ஒரு சிறு பகுதியைக் கொடுத்து, வேண்டிய நேரம் பயிலச் சொல்லி, மறுநாள் சோதித்தார்கள். அதிக நேரம் பயின்றவர், அதிகத் தடவை வாசித்தவர் முதலிடம் பெறவில்லை. பிசகு நேர்ந்த இடத்தைத் துல்லியமாகக் கண்டு, அங்கே வேகத்தைக் குறைத்து, சரியாக வரும்வரை அந்த இடத்தையே சீர்செய்தவர்கள்தான் மேலே வந்தார்கள். நம் சரளி வரிசையின் மூன்று காலப் பயிற்சியில் இந்த அறிவு எப்போதோ குடியேறிவிட்டது. கையில் தாளம் மாறாது, முதல் காலத்தில் ஒவ்வொரு சுரமும் வெட்டவெளியில் நிற்கும், பிசகினால் மறைக்க இடமில்லை. நான் இப்போது பாஹையும் அப்படித்தான் பழகுகிறேன். மெட்ரோனோமை 40இல் வைத்து ஒரு காலம், 80இல் இரண்டாவது. மூன்றாம் காலத்துக்கு அவசரமில்லை.

படுக்கப் போகுமுன் கடைசியாக வாசிப்பதும் வழக்கமாகிவிட்டது. மேத்யூ வாக்கர் குழுவினர் 2002இல், ஒரு விரல் வரிசையைத் தட்டிப் பழகியவர்கள் தூங்கி எழுந்ததும் சுமார் 20 விழுக்காடு வேகம் கூடியிருந்ததைக் காட்டினார்கள். அதில் ஒரு பங்கு விரல் களைப்பு தீர்ந்ததால் வந்தது என்று பின்னால் வந்தவர்கள் வாதிட்டார்கள், அந்த வாதத்தில் வலு இருக்கிறது. எப்படியிருந்தாலும் இரவில் வராத இடம் காலையில் வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு நாள் டேப்லெட்டின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். கேபிளைப் பிடுங்கினேன், ஹெட்ஃபோனையும் கழற்றி வைத்தேன். முதல் ஆறு பார் ஓடியது. ஏழாவதில் நின்றேன். திரும்ப அதே இடத்திலிருந்து எடுத்தேன். மறுபடி நின்றேன். அரைமணி நேரம் அந்த ஒரு பாரிலேயே இருந்தேன்.

மறுநாள் காலை பால் வாங்கிக்கொண்டு வரும்போது மாமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"நேத்து நடுவுல நடுவுல நிறுத்தினியே, ஏன்?"

"இடக்கை பேசறது கேக்கலை மாமி. வலக்கை மேல விழுந்து அமுக்கிடறது."

அவர் கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சாயங்காலம் கீழ வா. அந்த இடக்கை வரியை மட்டும் எனக்குப் பாடிக் காட்டு."